ஊதுகிறவர்களின் ஊர்: பாஸ்டன் நாட்குறிப்பு

புதன், இரவு

நியூயார்க்கிலிருந்து நாலரை மணி நேரப் பயணம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. கனெக்டிகட் நெடுகிலும் சாலைப் பணி நடந்ததால், பாஸ்டனில் இறங்கியபோது இரவு ஏழரை ஆகிவிட்டது. நவம்பரில் இங்கே மாலை நாலரைக்கே இருட்டுகிறது. ஊர் கண்ணில் படவில்லை, காதில்தான் விழுந்தது. பார்க் ஸ்ட்ரீட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினேன். அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் பாதை 1897இல் திறக்கப்பட்டது இங்கேதான். அந்தக் காலத்து வளைவுகளில் வண்டி திரும்பும்போது எழும் கிறீச்சொலி எந்தச் சுருதியிலும் சேராது. மூன்று மேளகர்த்தாக்களில் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

என் சித்தப்பா மகள் இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கதவைத் திறந்ததும் அக்கா கேட்டது, “கச்சேரி டிக்கெட் எவ்வளவு?”

“இலவசம், அக்கா.”

“இலவசக் கச்சேரிக்கா இத்தனை தூரம் பஸ்ஸில் வந்தாய்? அதுவும் மாணவர்கள் வாசிப்பது?”

நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் மாணவர் கச்சேரிகள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே காற்று வாத்தியக் குழுவின் கச்சேரி. முதல் பாதியில் ரிச்சர்ட் ஸ்டிராஸ், ஸ்டிராவின்ஸ்கி. இரண்டாம் பாதியில் பெர்ன்ஸ்டைன், ஜாஸ் மேதை டியூக் எலிங்டன். சாஸ்திரிய இசையில் தொடங்கி பிக் பேண்டில், அதாவது ஜாஸ் வாசிக்கும் பெரிய குழுவில், முடிகிற இந்த வரிசைக்காகத்தான் வந்தேன். அக்காவுக்கு விளக்கினேன். வயலின் உண்டா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். தோசை வார்க்கப் போய்விட்டாள்.

வியாழன்

காலையில் காப்லி சதுக்கம். டிரினிட்டி தேவாலயமும் பொது நூலகமும் எதிரெதிரே நிற்கின்றன. எல்லோரும் அவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் போனது இப்போது இல்லாத ஒரு மரக் கொட்டகையின் இடத்தைப் பார்க்க. 1869 ஜூனில் பேட்ரிக் கில்மோர் என்ற ஐரிஷ்கார பேண்டு மாஸ்டர், உள்நாட்டுப் போர் முடிந்ததைக் கொண்டாட இந்தப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான கொட்டகையைக் கட்டி ஐந்து நாள் இசை விழா நடத்தினார். ஆயிரம் பேர் வாசித்தார்கள், பத்தாயிரம் பேர் பாடினார்கள். வெர்டியின் பட்டறைப் பாட்டுக்குச் சிவப்புச் சட்டை போட்ட நூறு தீயணைப்பு வீரர்கள் நிஜமான பட்டடைக் கற்களைச் சுத்தியலால் அடித்தார்கள். கொட்டகைக்கு வெளியே இருந்த பீரங்கிகளை மேடையிலிருந்து மின்கம்பி வழியாகத் தாளத்துக்கு வெடித்தார்கள். ஜனாதிபதி கிரான்ட் வந்து கேட்டார். அதுவும் போதாமல் 1872இல் கூட்டத்தை இரட்டிப்பாக்கி, வியன்னாவிலிருந்து வால்ட்ஸ் மன்னர் யோஹான் ஸ்டிராஸையே வரவழைத்தார் கில்மோர். இருபதாயிரம் பாடகர்கள்! நடத்துநரின் கோல் கடைசி வரிசைக்குத் தெரியாது என்பதால் நூறு துணை நடத்துநர்களை நிறுத்த வேண்டியிருந்தது. (நாளை நான் கேட்கப்போகும் ஸ்டிராஸ் வேறு. இருவருக்கும் உறவு கிடையாது.)

இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பேண்டு என்றால் கூட்டம், கூட்டம் என்றால் சத்தம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வெகு காலம் நின்றது. பள்ளிதோறும் கல்லூரிதோறும் இருபது கிளாரினெட்டுகள் ஒரே வரியை வாசித்துக்கொண்டிருந்தன. அதை உடைத்தவர் ஃபிரெடரிக் ஃபென்னல். 1952இல் ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில், ஒரு வரிக்கு ஓர் ஆள் என்று ஒரு குழுவை அமைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரின் முதுகில் ஒளிந்துகொள்ள யாருக்கும் வழியில்லை. மூச்சு தப்பினால் ஊருக்கே கேட்கும். அந்த வழியில் இங்கே கன்சர்வேட்டரியில் ஃபிராங்க் பாட்டிஸ்டி 1969இல் ஒரு குழுவைத் தொடங்கினார். நான் கேட்க வந்திருப்பது அந்தப் பரம்பரையைத்தான்.

மதியம் சிம்ஃபனி ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். 1900இல் திறந்தது. ஹார்வர்டின் இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன், ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல, அதன்படி கட்டிய மண்டபம். மேடைக்கு மேலே மேதைகளின் பெயர்களைப் பொறிக்க இடம் விட்டிருக்கிறார்கள். பீத்தோவன் பெயர் மட்டும் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி ஒருமித்த கருத்து வரவில்லையாம். நம் ஊர் சபாக்களில் இந்த முறையைக் கொண்டுவந்தால் ஒரு பெயர்கூடத் தேறாது.

வெள்ளி, நள்ளிரவு தாண்டி

காலையில் இஸபெல்லா கார்ட்னர் அருங்காட்சியகம். 1990 மார்ச்சில் இங்கிருந்து 13 பொருள்கள் திருடுபோயின. இன்றுவரை ஒன்றும் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று வெர்மீர் வரைந்த ‘கச்சேரி’. ஓவியங்களின் வெறும் சட்டங்களை மாட்டிய இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் எழுத இன்று பொறுமை இல்லை. மாலைக்கு வருகிறேன்.

கச்சேரி நடந்த ஜோர்டன் ஹால் 1903இல் திறந்தது. பாஸ்டனின் பெரிய துணிக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஈபன் ஜோர்டன் பணம் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் மாவட்டக் கருவூலம் மாதிரி ஒரு செங்கல் கட்டடம். முன்கூடத்தில் ஆளைவிட உயரமான பீத்தோவன் வெண்கலச் சிலை. மாணவர்கள் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள். உள்ளே நுழைந்தால் எல்லாம் மரம். ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகள், மேடையை அணைத்தாற்போல் வளைந்த மாடம், பின்னால் தங்கம் பூசிய ஆர்கன் குழாய்கள். இத்தனை பேர் அமரும் இடத்தில் மேடையில் ஒருவர் தாளைப் புரட்டுவது மாடத்துக்குக் கேட்கிறது. நான் இடதுபக்க மாடத்தின் முன்வரிசையில் இடம் பிடித்தேன். வாசிப்பவர்களின் விரல்கள் அங்கிருந்து தெரியும்.

விளக்கு அணைவதற்கு முன் ஓபோக்காரப் பெண் வாயில் நாணல் சீவலை வைத்து நனைத்துக்கொண்டு, எதிலும் கவனம் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். திருமண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன் சீவாளியை நனைத்துக்கொண்டிருக்கும் நாதஸ்வரக்காரரின் முகம் அப்படியே. இரட்டை நாணலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு உலகம் முழுதும் ஒரே கவலை: இன்றைக்கு இது பேசுமா?

பேசியது. ரிச்சர்ட் ஸ்டிராஸின் செரனேட், 13 வாத்தியங்களுக்கு. 1881இல், பதினேழு வயதில் எழுதியது. அவருடைய அப்பா மியூனிக் அரசவை இசைக்குழுவில் ஹார்ன் வாசித்தவர். நான்கு ஹார்ன்கள் ஒன்றாகத் திறக்கும் இடத்தில் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை யார் என்பது தெரிந்துவிடுகிறது. பத்து நிமிடம்தான். முழுவதும் பாட்டு, சண்டை இல்லை, சாமர்த்தியம் காட்டல் இல்லை. காண்ட்ராபஸ்ஸூனின் கீழ் ஸ்வரம் காதுக்கு வருமுன் நாற்காலியின் கைப்பிடிக்கு வந்தது. ஒருவர் மூச்சை முடிக்கும் இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்வதால் 13 பேருக்கும் சேர்த்து ஒரே நுரையீரல் இருப்பதாகப் பட்டது. நடத்துநரின் இடதுகை பெரும்பாலும் சும்மாவே இருந்தது.

பிறகு நாற்காலி மாற்றம். ஹார்ப் வந்தது, கிதார் வந்தது, டிரம்ஸ் வந்தது, சாக்ஸஃபோன்கள் வந்தன. ஸ்டிராவின்ஸ்கியின் ‘எபனி கன்செர்ட்டோ’. 1945இல் உடி ஹெர்மனின் பிக் பேண்டுக்காக எழுதி, மறு ஆண்டு மார்ச்சில் கார்னகி ஹாலில் அரங்கேறியது. ராத்திரி முழுக்க நடன மண்டபங்களில் வாசித்துப் பிழைத்த ஹெர்மனின் ஆட்கள் இந்தத் தாள்களைப் பார்த்து விழிபிதுங்கினார்கள். காரணம் லேசானது. பிக் பேண்டுக்காரர் இரண்டு அரைமாத்திரைகளைப் பார்த்தால் முதலாவதை நீட்டி இரண்டாவதைச் சுருக்கி ஊசலாட்டி வாசிப்பார். அது தாளில் இருக்காது, இரத்தத்தில் இருக்கும். ஸ்டிராவின்ஸ்கிக்கு அந்த ஊசலாட்டம் வேண்டாம். எழுதியதை எழுதியபடி, சம அளவில், உலர்ந்து வாசிக்க வேண்டும். எனவே மேடையில் பிக் பேண்டின் வாத்தியங்கள் எல்லாம் இருக்கும், பிக் பேண்டு இருக்காது. டிரம்ஸ் வாசித்த பையன் அடிகளை எண்ணிக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை நடத்துநரை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தான். இன்று மாலை இவர்கள் அதைத் துல்லியமாக வாசித்தார்கள். மெதுவான நடுப்பகுதியில் கிளாரினெட்டின் அடிக்குரல் அருமை. ஆனாலும் இந்தப் படைப்போடு எனக்கு ஒட்டவில்லை. பல வருடமாகவே ஒட்டவில்லை. ஸ்டிராவின்ஸ்கி ஜாஸிலிருந்து அதன் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டார் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியினர் இருக்கிறார்கள், அவர்கள் என்னைவிடப் படித்தவர்கள்.

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், தபால் துறையில் ஓய்வு பெற்றவராம். நிகழ்ச்சி நிரலில் எலிங்டன் பெயரை விரலால் தட்டி, “இவருடைய வாத்தியக்காரர்களில் நல்லவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள், உங்களுக்குத் தெரியுமா?” என்றார். ஜானி ஹாட்ஜஸ் ஆற்றுக்கு அக்கரையில் கேம்பிரிட்ஜில் பிறந்தவர், ஹாரி கார்னி பாஸ்டன், பால் கன்சால்வஸ் பிராக்டன். “மூன்று பேருக்கும் இந்த ஊரில் ஒரு சிலைகூடக் கிடையாது. கீழே ஜெர்மன்காரருக்கு இருக்கிறது.” கோபம் நிஜமானது. பீத்தோவன் சார்பில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கன்சர்வேட்டரி ஒன்றில் எலிங்டன் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும். கந்தர் ஷுல்லர் என்பவர் மெட்ரோபாலிடன் ஆபராவில் ஹார்ன் வாசித்தவர். அதே மனிதர் 1950இல் ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவிலும் ஹார்ன் வாசித்தார். பகலில் வாக்னர், ஓய்வு நேரத்தில் ஜாஸ். 1957இல், இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, இரண்டும் கலந்த இசைக்கு ‘மூன்றாம் ஓடை’ என்று பெயர் வைத்தார். 1967இல் இந்தக் கல்லூரியின் தலைவரானார். 1969இல் இங்கே ஜாஸ் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தார். பெரிய கன்சர்வேட்டரிகள் ஜாஸை வாசல்படியில்கூட ஏற்றாத காலம் அது. ஜாஸுக்கு முன்னோடியான ராக்டைம் மெட்டுகள் செய்த ஸ்காட் ஜாப்ளினின் இசையை மாணவர்களை வைத்து அவர் பதிந்த இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் என்றால், சேம்பர் இசைப் பிரிவில், அதாவது சிறு குழுக்களின் சாஸ்திரிய இசைக்கான பிரிவில்! அந்த ஆண்டு நால்வர் வயலின் குழுக்கள் என்ன நினைத்தன என்று யாராவது எழுதிவைத்திருந்தால் படிக்க ஆசை. சாஸ்திரியமும் பேண்டும் கலப்பது நமக்கும் புதிதல்ல. கும்பினிக் காலத்து பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வரங்கள் செய்தார். அதற்கு யாரும் பட்டப்படிப்பு தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதி பெர்ன்ஸ்டைனின் ‘பிரிலூட், ஃபியூக் அண்ட் ரிஃப்ஸ்’ உடன் தொடங்கியது. இவரும் பக்கத்து ஊர்க்காரர்தான். லாரன்ஸில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். 1949இல் இதையும் உடி ஹெர்மனுக்காகவே எழுதினார், ஆனால் அதற்குள் ஹெர்மனின் பேண்டு கலைந்துபோனது. 1955இல் தொலைக்காட்சியில் அல் கல்லோடோரோவின் கிளாரினெட்டோடுதான் முதன்முறை ஒலித்தது. முதலில் டிரம்பெட், டிரோம்போன்கள் மட்டும். பிறகு ஐந்து சாக்ஸஃபோன்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக், பாக் வீட்டுக் கணக்கு. கடைசியில் கிளாரினெட் நுழைந்து எல்லோரும் சேர்ந்துகொள்ளும் ரிஃப்ஸ், திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடர்கள். இங்கே டிரம்ஸுக்குத் தன் வேலையைச் செய்ய அனுமதி உண்டு. ஸ்டிராவின்ஸ்கியில் எண்ணிக்கொண்டிருந்த அதே பையன் இப்போது சிம்பலில் நடையைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டான். எட்டு நிமிடத்தில் முடிந்தபோது கிளாரினெட் வாசித்த பெண் சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். கலவை என்றால் இதைச் சொல்வேன்: இரண்டு பக்கமும் தன் பழக்கத்தை விடாமல் ஒரே மேசையில் உட்காருவது.

ஓபோவுக்கும் பஸ்ஸூனுக்கும் பிக் பேண்டில் நாற்காலி இல்லை. ஸ்டிராஸ் வாசித்தவர்களில் சிலர் மாடத்துக்கு ஏறி வந்து என் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

எலிங்டனின் முதல் உருப்படி ‘இஸ்ஃபஹான்’. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டன் குழுவைச் சிரியா, ஈரான், இந்தியா, இலங்கை என்று அனுப்பியது. அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் தொகுப்பில் இது இருக்கிறது. ஆனால் எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்டிரேஹார்ன் இந்த மெட்டைப் புறப்படுமுன்பே எழுதிவிட்டார். பெயர்தான் ஈரானிலிருந்து வந்தது. ஹாட்ஜஸின் ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்காகவே செய்தது. ஹாட்ஜஸ் ஒரு ஸ்வரத்தை நேராகத் தொடமாட்டார், கீழிருந்து வழுக்கி ஏறுவார். அந்த வழுக்கலை இசைத்தாளில் எழுத முடியாது. நமக்குப் பழக்கமான சங்கதிதான். ஜாரு இல்லாமல் தோடியை எழுதி நீட்டினால் எப்படி இருக்கும்? வாசித்த மாணவர் ஹாட்ஜஸை அப்படியே நகலெடுக்கவில்லை. அதே இடங்களில் வழுக்கினார், வேறு அளவில். அது போதும்.

முடிவாக ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெஷெண்டோ இன் புளூ’. 1937இல் எழுதி, அந்தக் காலத்து இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பதிந்தார்கள்: ஒரு பக்கம் சத்தம் படிப்படியாக இறங்கும், மறுபக்கம் ஏறும். நடுவில் ஒரு டெனர் சாக்ஸஃபோன் சோலோவை எலிங்டன் பின்னாளில் சேர்த்தார். 1956 ஜூலையில், இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நியூபோர்ட்டின் ஜாஸ் விழாவில், அந்த இடைவெளியில் பால் கன்சால்வஸ் எழுந்து 27 சுற்றுகள் (மெட்டின் முழு வட்டம் ஒன்று ஒரு சுற்று) நிறுத்தாமல் வாசித்தார். ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். ‘எலிங்டன் காலம் முடிந்தது’ என்ற பேச்சு இருந்த நேரத்தில், அடுத்த மாதமே ‘டைம்’ வார இதழ் அவரை அட்டையில் போட்டது.

இன்று என்ன நடந்ததென்றால், நடத்துநர் விரலைச் சொடுக்கி நான்கு எண்ணினார், பிறகு மேடையின் ஓரத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவ்வளவுதான் அவர் வேலை. அதன் பிறகு அதிகாரம் டபுள் பாஸுக்கும் டிரம்ஸுக்கும் போனது. முதல் டிரம்பெட்டும் முதல் ஆல்ட்டோவும் ஒரு சொற்றொடரை எங்கே வெட்டுகிறார்களோ அங்கே மற்ற எல்லோரும் வெட்டுகிறார்கள். டிரம்பெட்டுகளுக்கு முன்னால் கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம் ஒன்று, கைப்பிடி இல்லாமல். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எலிங்டன் குழுவின் ‘வா-வா’ உறுமல் அதிலிருந்துதான் வருகிறது, இன்றுவரை அதற்குச் சரியான மாற்று இல்லை. டெனர் வாசித்தவர் சோலோவுக்கு எழுந்தார். அவருடைய தாளில் அந்த இடத்தில் ஸ்வரம் இருக்காது, இசைவுகளின் எழுத்துகள் மட்டும். முதல் சில சுற்றுகள் பத்திரமாகப் போனார். பிறகு பின்வரிசை டிரோம்போன்கள் கத்தி உற்சாகப்படுத்தத் தொடங்கின. டிரம்ஸ் இரண்டாம், நான்காம் அடிகளை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. பின்னால் படிக்கட்டில் ஓபோக்காரப் பெண் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், சரியாக இரண்டிலும் நான்கிலும். மேற்கத்திய சாஸ்திரியக் கூட்டம் வழக்கமாக ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக் கெடுக்கும்.

தபால்காரர் எழுந்து நின்றே கேட்டார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சனி

ஹாமண்ட் தெருவைத் தேடிப் போனேன். ஹாட்ஜஸ் சிறுவனாக வளர்ந்ததும், கார்னி பக்கத்தில் குடியிருந்ததும் இங்கே. இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. குடியிருப்புகள், நிறுத்திய கார்கள். கார்னி 1927இல், பதினேழு வயதில் எலிங்டனோடு புறப்பட்டவர், 1974இல் எலிங்டன் இறக்கும்வரை அந்தப் பாரிட்டோன் சாக்ஸஃபோன் நாற்காலியை விடவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே பேண்டு. எலிங்டன் போன நாலரை மாதத்தில் அவரும் போனார்.

சாக்ஸஃபோனுக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. ஹாட்ஜஸ் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எலிஸ் ஹால் என்ற பணக்காரச் சீமாட்டி இங்கே சாக்ஸஃபோன் வாசித்துக்கொண்டிருந்தார். காது மந்தமாகிவந்ததால், ஊதும் வாத்தியம் எடுத்துக்கொள்ளும்படி டாக்டரான கணவர் சொன்னதாகக் கதை. அந்த வாத்தியத்துக்குச் சாஸ்திரிய உருப்படிகள் கிடையாதே என்று பிரெஞ்சு இசையமைப்பாளர்களுக்குப் பணம் அனுப்பி எழுதச் சொன்னார். டெபுஸி பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடித்தார், நண்பர்களிடம் அந்த அம்மாளைக் கேலியும் செய்தார். ‘ராப்ஸடி’ என்ற அந்த உருப்படியை வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதும் வேலையை அவர் முடிக்கவே இல்லை. அவர் இறந்த பிறகு ரோஜே-டுகாஸ் முடித்து 1919இல் அரங்கேறியது. இன்று உலகில் சாஸ்திரிய சாக்ஸஃபோன் படிக்கும் எந்த மாணவரும் அந்த ராப்ஸடியைத் தாண்டாமல் போக முடியாது. கேலி செய்தவரின் பெயர்தான் அட்டையில் பெரிதாக இருக்கிறது என்பது எனக்கு எரிச்சல்.

இரவு மாஸசூஸெட்ஸ் அவென்யூவில் வாலிஸ் கஃபே. பார்படோஸிலிருந்து வந்த ஜோசஃப் வால்காட் 1947இல் தொடங்கியது. குடும்பத்தார் இன்னும் நடத்துகிறார்கள். இந்தச் சாலை முழுக்க ஒரு காலத்தில் ஜாஸ் கூடங்கள். சிறிது தூரத்தில் இருந்த ரோஸ்லாண்ட் நடன அரங்கில், பிக் பேண்டுக்காரர்களின் ஷூக்களுக்குப் பாலிஷ் போட்ட பதின்வயதுப் பையன் பின்னாளில் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் ஆனார். வாலிஸ் ஒரு ரயில் பெட்டி அளவுதான் இருக்கும். டிரம்ஸுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண். பெரும்பாலும் இசைக் கல்லூரி மாணவர்கள். நேற்று ஆயிரம் பேர் மண்டபத்தில் கேட்ட அதே ஊசலாட்டம் இங்கே முதுகெலும்பில் நேராக இறங்கியது. அக்காவையும் அழைத்து வந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் காதைப் பொத்திக்கொண்டாள், நான்காவதில் கையை எடுத்தாள், பத்தரை மணிக்கு நான் கிளம்பலாம் என்றபோது “இரு” என்றாள்.

ஞாயிறு, பஸ்ஸில்

நியூபோர்ட் சோலோவைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1956இல் வந்த இசைத்தட்டில் கன்சால்வஸ் தூரத்தில் எங்கோ வாசிப்பதாகக் கேட்கும். அன்று அவர் ஒலிப்பதிவு நிறுவனத்தின் மைக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் வானொலிக்காக வைத்திருந்த மைக்கில் ஊதிவிட்டார். இதர பாட்டுகளில் பெரும்பகுதியை மறுநாட்களில் ஸ்டுடியோவில் மீண்டும் வாசித்து, கைதட்டலை ஒட்டவைத்தார்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் நாடா பின்னாளில் கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999இல் முழுக் கச்சேரியாக வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பையே கேளுங்கள். ஹெட்ஃபோனில், சோலோ தொடங்கிய பிறகு டிரம்ஸுக்குப் பின்னால் யாரோ கத்திக்கொண்டே இருப்பது கேட்கும்; கூட்டத்தை நம்பாமல் பேண்டே தன்னைத் தானே உசுப்பிவிடும் சத்தம் அது.